நூறு வருஷப் பூட்டு

“நூறு வருஷம் ஆனாலும் இதை ஒருத்தனும் திறக்க முடியாது” என்று எங்கள் மேனேஜர் சொன்னபோது அவர் கையில் இருந்தது ஒரு ஃபிளாப்பி. 1991. ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டி ரோட்டோரம் இருந்த எங்கள் கம்பெனியில் ஸ்கூட்டருக்கும் லாரிக்கும் தகட்டு உதிரிகள் அடித்துக்கொண்டிருந்தோம். பிரெஸ் ஷாப்பில் ஆட்கள் வெந்துகொண்டிருக்க, ஆபீஸில் இருந்த ஒரே கம்ப்யூட்டருக்கு மட்டும் ஏ.சி. போட்டிருந்தார்கள். நான் கணிதத்தில் பட்டம் வாங்கிக்கொண்டு வந்து அக்கவுண்ட்ஸில் வவுச்சர் அடுக்கிக்கொண்டிருந்தேன்.

மேனேஜர் வாங்கி வந்தது ஃபைலைப் பூட்டும் புரோகிராம். பாஸ்வேர்டு கொடுத்தால் எழுத்தெல்லாம் குப்பையாகிவிடும், அதையே மறுபடி கொடுத்தால் திரும்ப எழுத்தாகும். மெட்ராஸில் விற்றவன் நூறு வருஷம் என்றான். இவர் அதை முதலாளியிடம் ஒப்பித்தார், முதலாளி எங்களிடம் ஒப்பித்தார். உள்ளே எந்த முறையில் பூட்டுகிறது சார் என்று கேட்டேன். அது யாருக்கும் தெரியாது, தெரியாததுதான் அதன் பலமே என்றார். எனக்கு அப்போதே பற்றிக்கொண்டு வந்தது. எப்படிப் பூட்டுகிறது என்றே தெரியாதவர், எத்தனை வருஷம் தாங்கும் என்று மட்டும் எப்படிச் சொல்கிறார்?

பாஸ்வேர்டு தெரிந்தவர்கள் மூன்று பேர். முதலாளி, மேனேஜர், கம்ப்யூட்டரில் டைப் செய்யும் அக்கா. அக்கா குன்றத்தூர்ப் பக்கத்துக் கிராமத்தில் ஒரு கத்தோலிக்கக் குடும்பம். கம்பெனி பஸ்ஸில் என் பக்கத்தில்தான் உட்கார்ந்து வருவார். அதிகம் பேசமாட்டார், ஆனால் எனக்கு ஜன்னலோரத்தை விட்டுக்கொடுப்பார். அந்த வருஷம்தான் அவருக்கு ஒரு இடம் கூடிவந்து, மாப்பிள்ளை வீட்டார் பேசி முடித்துவிட்டுப் போயிருந்தார்கள்.

ஆடி மாதம் ஒரு பெரிய ஆர்டர் கைவிட்டுப் போனது. எங்கள் விலைக்கு ஒரு துளி கீழே போட்டு இன்னொரு கம்பெனி தட்டிக்கொண்டு போய்விட்டது. எங்கள் விலை தெரியாமல் அப்படிப் போட முடியாது என்று முதலாளி குதித்தார். கொட்டேஷன் விலைகள் இருந்த பூட்டிய ஃபைல் ஃபிளாப்பியில் வாராவாரம் வேனில் மெட்ராஸ் ஆபீஸுக்குப் போகும். வழியில் எத்தனை கை மாறியதோ, அதை யாரும் விசாரிக்கவில்லை. மேனேஜர் போட்ட கணக்கு வேறு. பூட்டை உடைக்க முடியாது. ஆகவே பாஸ்வேர்டு தெரிந்தவர்தான் வெளியே சொல்லியிருக்க வேண்டும். முதலாளி சொல்லமாட்டார், தானும் சொல்லவில்லை. மிச்சம் இருந்தது அக்கா.

“நான் யார்கிட்டயும் சொல்லல சார்” என்றார் அக்கா. அவ்வளவுதான் சொன்னார். நீயே ராஜினாமா எழுதிக் கொடுத்தால் பேர் கெடாமல் போய்விடலாம் என்று எழுதி வாங்கினார்கள். பேர் கெடாமலா? சாயங்கால பஸ்ஸிலேயே எவ்வளவு வாங்கினாளோ என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள். அந்த மே மாதம் எங்கள் ஊரில் தலைவரைக் கொன்ற குண்டு வெடித்ததற்குப் பிறகு எங்கள் பக்கத்தில் எல்லோரும் எல்லோரையும் சந்தேகமாகப் பார்த்துக்கொண்டிருந்த நேரம் வேறு. பத்து நாளில் மாப்பிள்ளை வீட்டார் தை மாதம் பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று எங்கள் ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

பூட்டிய ஃபைல்களை ஃபிளாப்பியில் ஏற்றும் வேலை என் தலையில் விழுந்தது. பாஸ்வேர்டு எனக்குச் சொல்லவில்லை. இரண்டு ஃபைல்களைப் பூட்டியபடியே திரையில் போட்டுப் பார்த்தேன். இரண்டும் ஒரே குப்பையில் ஆரம்பித்தன. மூன்றாவதும் அதே குப்பை. ஏன் என்று யோசிக்கக்கூட வேண்டியிருக்கவில்லை. எங்கள் கம்பெனியில் ஸ்ரீராமஜெயம் போடாமல் எந்த ஃபைலும் தொடங்கக் கூடாது. முதலாளியின் கட்டளை. கொட்டேஷனானாலும் கேன்டீன் அரிசிக் கணக்கானாலும் முதல் வரி இங்கிலீஷ் எழுத்தில் ஸ்ரீராமஜெயம்தான். கழுத்தில் சிலுவை தொங்க அக்கா ஒரு நாள் தவறாமல் அதை அடித்தார்.

ஒரே வரி எப்போதும் ஒரே குப்பையாகிறதென்றால் புரோகிராம் செய்த வேலை இவ்வளவாகத்தான் இருக்க வேண்டும்: எழுத்தையெல்லாம் நம்பராக வைத்துக்கொண்டு, பாஸ்வேர்டின் எழுத்துகளைத் திரும்பத் திரும்ப வரிசையாக ஃபைலின் எழுத்துகளோடு கூட்டுவது. முதல் வரி என்னவென்று ஊருக்கே தெரியும். குப்பையிலிருந்து அதைக் கழித்தால் மிஞ்சுவது பாஸ்வேர்டு. பென்சிலை எடுத்துக் கழித்தேன். மேனேஜரின் ஸ்கூட்டர் நம்பர் வந்தது. சாப்பாட்டு மணி முடிவதற்குள் நூறு வருஷமும் முடிந்துபோனது. சிரிப்பு வரவில்லை. இதற்காகவா ஒரு பெண்ணைத் திருடி என்று அனுப்பினார்கள்?

முதலாளி அறையில் கழித்துக் காட்டினேன். ஸ்ரீராமஜெயம் போட்டதால்தான் ஆர்டர் போச்சு என்கிறாயா என்று அவர் முகம் சிவந்தார். மேனேஜருக்கு அது வசதியாகப் போனது, சாமியைக் குறை சொல்லாதேம்மா என்று அவரும் சேர்ந்துகொண்டார். சாமி மேல் குறையில்லை சார், பூட்டு மேல்தான் என்று விளக்கவே எனக்கு அரை மணி ஆனது. ஒரு பூட்டு இதுவரை உடைபடவில்லை என்று சொல்லலாம், இனிமேலும் உடைபடாது என்று எவனும் சொல்ல முடியாது என்றேன். அந்த வித்தியாசம் இன்றைக்கும் யார் மண்டையிலும் ஏறவில்லை. எங்கள் சிஸ்டம் பத்திரமானது, நீங்கள்தான் ஓடிபியைச் சொல்லியிருப்பீர்கள் என்று இப்போதும் பறிகொடுத்தவனைத்தானே அதட்டுகிறார்கள்.

கடைசியில் முதலாளி அக்காவைக் கூப்பிட்டனுப்பினார். உன் மேல் தப்பில்லை என்று தெரிந்துவிட்டது, திங்கட்கிழமை வந்துவிடு என்றார். மன்னிப்பு என்ற வார்த்தை அவர் வாயில் வரவில்லை. அக்கா உட்காரவில்லை.

“அன்னிக்கு நான் சொன்னேன், நம்பல. இன்னிக்கு இந்த கம்ப்யூட்டர் பெட்டி சொல்லுதுன்னு நம்புறீங்க. நாளைக்கு அது வேற இன்னாவாவது சொல்லிச்சின்னா, மறுபடியும் என்னைத்தான சார் கேப்பீங்க?”

அக்கா போய்விட்டார். தை மாதமும் வந்தது, மாப்பிள்ளை வீட்டார் வரவில்லை.

மேனேஜரை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அக்கா போன அடுத்த மாதமே அவர் மெட்ராஸ் போய் இன்னொரு புரோகிராம் வாங்கி வந்தார், இது வெளிநாட்டுச் சரக்கு என்றார். இனிமேல் கம்ப்யூட்டரை நீதான் பார்த்துக்கொள்ள வேண்டும், உனக்குத்தான் இதெல்லாம் தெரிகிறதே என்று பாஸ்வேர்டு எழுதி மடித்த துண்டுச் சீட்டை நீட்டினார். முதலாளியும் பெருமையாகத் தலையாட்டினார்.

நான் கையை நீட்டவில்லை.

“பாஸ்வேர்டு தெரியாம செய்யற வேலை இருந்தா குடுங்க சார். இல்லைன்னா என் கணக்கை முடிச்சிடுங்க” என்றேன்.