மூக்குக்குள் சங்கு குளித்த கதை

மூக்கில் குச்சி விட்டு பி.சி.ஆர். சோதனைக்கு மாதிரி எடுப்பவனை யாரும் இரண்டாம் முறை பார்க்க விரும்புவதில்லை. கொரோனா நாட்களில் கண்ணீர் வழிய உட்கார்ந்திருந்த வாசகர்களே, தூத்துக்குடியில் அந்தக் குச்சியைப் பிடித்த கைகளில் என்னுடையதும் உண்டு. சங்கு குளிக்கும் சூசை மட்டும் என்னிடம் மூன்று முறை வந்தார்.

இம்புட்டு ஆழமா?

முதல் முறை அவருக்குக் காய்ச்சல்கூட இல்லை. முந்தின நாள் அவரோடு படகில் போனவருக்கு நோய் உறுதியாகியிருந்தது. சூசையின் மனைவி ரோஸ்லினுக்குத் தாய்வீட்டில் பெண் குழந்தை பிறந்து நான்கு நாள். பிள்ளையைத் தூக்கலாமா என்று அவருக்குத் தெரிய வேண்டும்.

குச்சி பட்டதும், தொழில் பழக்கத்தில் மூச்சை அடக்கிவிட்டார். நான் குப்பியை மூடி, பெயர் ஒட்டி நிமிர்ந்த பிறகும் விடவில்லை. பயந்துபோய்த் தோளைத் தட்டினேன். "முடிஞ்சிட்டா? சங்கெடுக்கக்கூட நான் இம்புட்டு ஆழம் போனதில்ல சார்!"

வளையத்தில் விழுந்தது

முடிவு 'இல்லை' என்று வந்தது. உடனே பிள்ளையைப் பார்க்கக் கிளம்பியவரை நிறுத்தினேன். கிருமியின் மரபுத் துண்டு ஒன்று கிடைத்தால் சோதனை அதை இரண்டாக்கும், இரண்டை நான்காக்கும். முப்பது முறை இரட்டித்தால் நூறு கோடியைத் தாண்டும். ஆனால் தொற்றிய மறுநாளே குச்சியில் எதுவும் ஒட்டாமல் போகலாம்; கிருமி பெருகச் சில நாள் வேண்டும் என்றேன்.

எடுத்த சங்கை அளவு வளையத்தில் விட்டுப் பார்த்து, நழுவி விழும் சின்னச் சங்கைக் கடலிலேயே போடுவது அவர்கள் வழக்கம். சூசை அதை வைத்தே கணக்குப் போட்டார். "அப்ப வளையத்துல விழுந்துட்டுன்னு கடல்ல சங்கே இல்லங்கக்கூடாது, வளந்தபொறவு பாக்கணும். அதான சார்?"

கைப்பேசியில் ரோஸ்லின்

நாலாம் நாள் காய்ச்சலோடு வந்தார். இந்த முறை 'உண்டு'. பிள்ளையை இன்னும் அவர் தொடவில்லை. முகம் வாடிப்போய் மனைவியிடம் சொன்னார். பதில் எனக்கும் கேட்டது. "நீங்க மூக்க மட்டும் ஒழுங்கா காட்டுங்க, பிள்ளைய நான் பாத்துக்கிடுதேன்."

மூன்றாவது குச்சி

காய்ச்சல் விட்டு இரண்டு வாரம் கழித்து, 'இல்லை' என்று தாள் காட்டினால்தான் மாமியார் கதவைத் திறப்பார் என்று வந்தார். மறுபடியும் 'உண்டு'. படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

எங்கள் டாக்டரம்மா தாளைப் பார்த்தார். போன முறை இரட்டிப்பின் இருபதாவது சுற்றிலேயே தெரிந்தது, இப்போது முப்பத்தாறில்தான் தெரிந்திருக்கிறது; அதாவது ஒட்டியிருந்த துண்டுகள் மிகக் கொஞ்சம். "செத்த கிருமியோட துண்டையும் இது பெருக்கிக் காட்டிரும், உசுரோட இருக்கான்னு இதுக்குத் தெரியாது. உங்களுக்குக் காய்ச்சலும் இல்ல, நாளும் தாண்டியாச்சு. போய்ப் பிள்ளையத் தூக்குங்க."

சூசை வாசலுக்குப் போவதற்குள் கைப்பேசியை எடுத்துவிட்டார். "ஏளா, சங்குக்குள்ள சதை செத்துப்போச்சாம், வெறும் ஓடுதான் கெடக்காம்! ஒங்கம்மாட்ட சொல்லு, இந்தா வாரேன்!"

மூன்று முறை கண்ணீர் விட வைத்த என்னைத்தான் ஞானஸ்நான விருந்துக்கு முதல் ஆளாக அழைத்தார். பிள்ளை மட்டும் என்னைக் கண்டதும் மூக்கைச் சுருக்கிக்கொண்டது.