அப்புக்காத்துக்குக் கண் தெரியவில்லை

எங்கள் வீட்டுப் பூனைக்குக் கண் தெரியவில்லை என்பதை முதலில் கண்டுபிடித்தது நான்தான். அப்போது எனக்குப் பத்து வயது. சொன்னபோது ஒருவரும் நம்பவில்லை. பிறகு எல்லோரும் தங்களுக்கு அது அப்போதே தெரியும் என்றார்கள். தெரிந்தவர்கள் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று இன்றைக்கும் நேரில் கேட்க நான் தயார்.

பூனையின் பெயர் அப்புக்காத்து. நீதிமன்றத்தில் வழக்குப் பேசுகிறவர்களை எங்கள் பக்கத்துப் பழைய ஆட்கள் அப்படித்தான் சொல்லுவார்கள். முதுகு முழுக்கக் கறுப்பு, கழுத்தடியில் மட்டும் ஒரு வெள்ளைப் பட்டி. சாப்பாடு கொஞ்சம் பிந்தினால் அடுப்படி வாசலில் குந்தியிருந்து நிறுத்தாமல் வழக்காடும். அப்பாதான் பெயர் வைத்தார். எங்கள் வீடு கொக்குவிலில், ரயில் பாதைக்குக் கிட்ட. ரயில் போனால் யன்னல் கண்ணாடியெல்லாம் கிடுகிடுக்கும். அப்புக்காத்து காதைக்கூட அசைக்காது. அவ்வளவு திமிர். எனக்கு அதைப் பிடித்ததே அந்தத் திமிருக்காகத்தான்.

ஒரு நாள் உச்சி வெயிலில் அது முற்றத்தில் படுத்திருந்தது. வெயிலில் பூனையின் கண்மணி நெல்லுமணி போல ஒடுங்கிப்போகும், பார்த்திருப்பீர்கள். அன்றைக்கு அதன் இரண்டு கண்மணிகளும் நாவற்பழம் மாதிரிக் கறுத்து விரிந்து கிடந்தன. அம்மாவின் போனை எடுத்துவந்து டோர்ச் அடித்துப் பார்த்தேன். ஒடுங்கவில்லை. கண்ணுக்கு முன்னால் விரலை ஆட்டினேன். இமைக்கவில்லை, மீசை மட்டும் அசைந்தது.

அடுப்படிக்கு ஓடினேன். அம்மா தேங்காய் திருவிக்கொண்டிருந்தார். நான் சொன்னதைக் கேட்டுத் தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

“கண் டாக்குத்தர் அம்மா வந்திட்டா. போய்ப் படி பிள்ளை.”

ஆனால் அம்மாவுக்கு மனம் கேட்கவில்லை. பூனைக்கும் கண்ணூறு பட்டிருக்கும் என்று வெள்ளிக்கிழமை பின்னேரம் செத்தல் மிளகாயும் உப்பும் கையில் எடுத்தார். நான் அப்புக்காத்தை இறுக்கிப் பிடித்துக்கொள்ள, மூன்று முறை சுற்றினார். அந்தக் கையோடு, கதிரையில் உட்கார்ந்திருந்த அப்பாவின் தலையையும் சுற்றினார். கண்ணூறு, செய்வினை எதையும் ஒரு சதத்துக்கு மதிக்காத கணக்கு வாத்தியார் அவர். அன்றைக்கு அவராகவே தலையைக் குனிந்து கொடுத்தார். மிளகாயை அடுப்பில் போட்டதும் வீடே இருமியது. கண்ணூறு இருந்தால் மிளகாய் மணக்காது என்பார்கள். “இவ்வளவு மணக்குது, அப்ப கண்ணூறே இல்லை, நான் சொன்னதுதான் சரி” என்று நான் கத்தினேன். அம்மாவின் கண் கலங்கியிருந்தது. மிளகாய்ப் புகை என்று நினைத்தேன்.

மறுநாள் சனிக்கிழமை. கோப்பாயில் தோட்டம் செய்கிற மாமா, அம்மாவின் தம்பி, வழக்கம்போல மோட்டார்சைக்கிளில் மரக்கறி கட்டிக்கொண்டு வந்தார். மாமாவுக்குத் தெரியாத விஷயம் உலகத்தில் இல்லை. அப்புக்காத்தின் கண்ணை ஒரு தரம் உற்றுப் பார்த்தார். தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

“உது விசர் பிடிக்கிற பூனை அக்கா. முழியைப் பாருங்கோ. பிள்ளையைக் கடிக்க முந்திக் கொண்டுபோய் விடவேணும்.”

“விசரில்லை, கண் தெரியேல்லை” என்றேன்.

“கண் தெரியாத பூனை உப்பிடி நேரா நடக்குமோடி? பூனை கண்ணை மூடினால் உலகம் இருண்டு போகுமாம், நீ வேறை!”

மாமா சொன்னதிலும் நியாயம் இருந்தது. அது வாசலில் இருந்து அடுப்படிக்கு நூல் பிடித்த மாதிரி நடக்கும். ஒரு சாமானிலும் முட்டாது. அதற்குள் மாமா மோட்டார்சைக்கிளில் இருந்த உரப்பையை உதறத் தொடங்கிவிட்டார். எங்கள் ஊரில் வேண்டாத பூனைக்கு அதுதான் வழி. உரப்பைக்குள் போட்டுக் கட்டி, யாழ்ப்பாணத்துச் சந்தைப் பக்கம் அவிழ்த்துவிடுவார்கள். மீன் வெட்டுகிற இடத்தில் பிழைத்துக்கொள்ளும் என்று மனச்சாட்சிக்கு ஒரு சமாதானமும் வைத்திருப்பார்கள். கண் தெரியாத பூனை, அத்தனை பஸ்ஸுக்கும் ஓட்டோவுக்கும் நடுவில் எப்படிப் பிழைக்கும்? விசர், அதாவது வெறி, இல்லை என்று நிரூபித்தால்தான் அப்புக்காத்துக்கு உயிர்.

விறாந்தையில் அப்பாவின் சாய்மனைக் கதிரை கிடந்தது. என்னைவிடப் பாரம். பல்லைக் கடித்துக்கொண்டு அதை அரக்கி, வாசலுக்கும் அடுப்படிக்கும் நடுவே, வழிக்குக் குறுக்கே விட்டேன். மீன் தலைத் தட்டில் கரண்டியால் தட்டினேன். அப்புக்காத்து வாலை நிமிர்த்திக்கொண்டு வந்தது. வந்த வேகத்தில் கதிரைக் காலில் போய் முகத்தை இடித்தது. பின்வாங்கி, திரும்பவும் இடித்தது. பிறகு அப்படியே நின்றுவிட்டது. வழக்காடவில்லை. தன் சொந்த வீட்டில் வழி தெரியாமல் நின்றது.

“கண்டியளோ! கண்டியளோ! நான் சொன்னனானெல்லோ!”

வெற்றி ஒரு நிமிடம்தான் நின்றது. மாமா தலையை ஆட்டினார்.

“சரி, குருடுதான். குருட்டுப் பூனைக்கு வீடு எதுக்கு? எலி பிடிக்குமோ? பையைப் பிடியுங்கோ அக்கா.”

நான் சொன்ன சாட்சியாலேயே பூனையைக் கொல்லப் பார்க்கிறார்கள்! எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி மாளாது. அப்புக்காத்தை வாரி எடுத்து, விறாந்தை மூலையில் சுவரோடு சுவராக இருந்தேன். அது பயத்தில் என் கையைக் கீறி இரத்தம் வரப்பண்ணியது. விடவில்லை. “இது போறதெண்டால் நானும் அந்தப் பைக்குள்ளைதான் போவன்” என்றேன். அம்மா அதட்டினார், பிறகு கெஞ்சினார். “கண்டறியாத பூனையும் கண்டறியாத பிள்ளையும்” என்று மாமா கிட்ட வந்தார். கையை நீட்டினால் கடிப்பேன் என்றேன். சத்தியமாகக் கடித்திருப்பேன்.

அப்போதுதான் சனிக்கிழமை வகுப்பை முடித்துக்கொண்டு அப்பா வந்தார். அவர் மோட்டார்சைக்கிளை விற்று ஒரு வருடம் ஆகியிருந்தது. நடந்தால் உடம்புக்கு நல்லது என்பார். நடந்து வருகிறவர், றோட்டில் பக்கத்தில் போகிறவர்களைப் பார்த்துச் சிரிக்கவும் மாட்டார். வாத்தியாருக்குத் தலைக்கனம் என்று ஊரில் ஒரு கதை இருந்தது. வாசற்படியில் செருப்பைக் கழற்றினார். எங்களை நோக்கி நேராக வந்தார். பட்டப்பகலில், நடு விறாந்தையில் கிடந்த அவ்வளவு பெரிய கதிரையில் முழங்கால் அடிபட, அதன் மேலேயே குப்புற விழுந்தார். கையில் இருந்த புத்தகங்கள் சிதறின.

அம்மா ஓடிப்போய்ப் பிடித்தார். “வெயிலுக்குள்ளாலை வந்தது, கண் இருட்டிப்போட்டுது” என்று மாமாவிடம் அவசரமாகச் சொன்னார்.

“ஆர் கதிரையை அரக்கினது?” அப்பா கதிரைச் சட்டத்தைத் தடவிப் பிடித்தபடி கேட்டார்.

“நான்தான்” என்றேன். இனி மறைத்து என்ன? “அப்புக்காத்துக்குக் கண் தெரியேல்லை எண்டு காட்டத்தான் வைச்சனான். மாமா அதைக் கொண்டுபோய் விடப்போறாராம்.”

அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். விழவில்லை. அப்பா மாமாவின் பக்கம் திரும்பினார்.

“கண் தெரியாட்டி வீட்டை விட்டுக் கலைக்கிறதோ? அப்பிடியோ?”

அப்பா உரத்துப் பேசி நான் அன்றுதான் கேட்டேன். மாமா வெலவெலத்துப்போனார். “இல்லை அத்தான், நான் சும்மா” என்று இழுத்தபடி உரப்பையை மடித்தார். தேத்தண்ணியும் குடிக்காமல் போய்விட்டார்.

திங்கட்கிழமை அப்பா பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டு, அப்புக்காத்தை ஒரு அட்டைப்பெட்டிக்குள் வைத்து, ஓட்டோவில் என்னையும் கூட்டிக்கொண்டு மிருக வைத்தியரிடம் போனார். விசரில்லை, பார்வைதான் போய்விட்டது என்றார் வைத்தியர். நான் பெட்டியைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தேன். அப்பா கேட்ட கேள்விகளுக்கு முடிவே இல்லை. இது பயப்படுமோ? நோகுமோ? முழுக்கப் போறதுக்கு இன்னும் எவ்வளவு காலம் எடுக்கும்?

“இதுக்கு முழுக்கப் போட்டுதே ஐயா” என்றார் வைத்தியர். “ஆனால் சமாளிச்சிடும். வீட்டிலை சாமான்களை மட்டும் இடம் மாத்தாதேங்கோ.”

வைத்தியர் முதலே சொன்னதை அப்பா காதில் வாங்கவில்லை என்று எனக்குச் சிரிப்பாக இருந்தது.

அன்றைக்கே சட்டம் வந்தது. வீட்டில் ஒரு வாளிகூட இடம் மாறக்கூடாது. அம்மா கதிரைக் கால்களைச் சுற்றி நிலத்தில் சோக்கால் கோடு போட்டார்; கூட்டித் துடைத்த பிறகு அந்தக் கோட்டுக்குள்தான் திரும்ப வைக்கவேண்டும். எனக்கோ தலைகால் தெரியாத சந்தோஷம், புளுகம். ஒரு பூனைக்காக முழு வீட்டையும் வளைத்துவிட்டேன் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லித் திரிந்தேன். அப்புக்காத்து இன்னும் மூன்று வருடம் அதே திமிரோடு அடுப்படி வாசலில் வழக்காடியது.

அப்பாவுக்குக் கண்ணில் பிறஷர் கூடி, பார்வை ஓரங்களில் இருந்து செத்துக்கொண்டு வந்ததை, நான் பள்ளிக்கூடம் முடித்துக் கம்பஸுக்குப் படிக்கப் போன பிறகுதான் அம்மா சொன்னார். கதிரையில் விழுந்த அந்த நாளில் அது தொடங்கி ஒன்றரை வருடமாம். அம்மாவுக்கும் அவருக்கும் மட்டும் தெரியும். வேலையை நிறுத்தி வீட்டில் இருத்திவிடுவார்கள் என்று ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. புத்தகத்தைத் திறக்காமலே படிப்பிக்கிற வாத்தியார் என்று பெயர் வாங்கிக்கொண்டே, பென்சன் வரும்வரை கரும்பலகைக்கு முன்னால் நின்று காட்டினார்.

அப்புக்காத்து செத்தபோது இதெல்லாம் எனக்குத் தெரியாது. முருங்கையடியில் அதைத் தாட்டுவிட்டு வந்து, அழுகை அடங்கிய பிறகு, “இனிப் பூனையும் இல்லை, கதிரையை யன்னல் பக்கம் வைப்பமே?” என்று கேட்டேன்.

“கிடக்கட்டும்” என்றார் அப்பா.

அம்மா சோக்கை எடுத்து, அழிந்துபோயிருந்த கோட்டைக் குந்தியிருந்து திரும்பவும் போட்டார். செத்த பூனைக்கு இவ்வளவு மரியாதையா என்று எனக்கு அவர்கள் இரண்டு பேரையும் நினைக்கப் பெருமையாக இருந்தது.