வெட்டாத பிறந்தநாள் கேக்

மேற்குத் தாம்பரத்தில் ஒரு சர்ச்சுக்குப் பின்னால் இருந்த தகரக்கூரை ஹாலை இடித்துவிட்டார்கள். அந்தப் பக்கம் போனால் இன்னும் இஞ்சி டீ வாசனை வருவதுபோல் இருக்கும். குடியை விட்டவர்கள் ஞாயிறு மாலைகளில் அங்கே கூடுவோம். நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். குரோம்பேட்டையில் கார் சீட்டுக்கு உறை தைக்கிறேன். நாலு பேர் முன்னால் வாய் திறந்து பேசியதே அந்த ஹாலில்தான்.

குடிக்காமல் ஒரு வருஷம் முடித்தால் அங்கே அது பிறந்தநாள். கேக் உண்டு. மனைவியையும் கூட்டி வரவேண்டும்.

என் கேக்குக்கு ஒன்பது நாள் இருந்தது. பொங்கலுக்கு அம்மா வீட்டுக்குப் போன மனைவி பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தாள். நாலு மணிக்கு வரவேண்டியவள் ஏழாகியும் வரவில்லை. போன் அணைந்திருந்தது. பண்டிகை முடிந்தால் பெருங்களத்தூரில் வண்டி நகராது என்று எனக்குத் தெரியாதா? தெரிந்து என்ன, என் மனசு பஸ்ஸைக் கவிழ்த்து ஆஸ்பத்திரி வாசல்வரை போய்விட்டது. கால் டாஸ்மாக் கடைக்குப் போனது.

அவள் வந்தபோது சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன். "சாப்டீங்களா?" என்று மட்டும் கேட்டாள். நான் யாரிடமும் சொல்லவில்லை.

கேக் வெட்டும் ஞாயிறு, பட்டுப்புடவையில் அவள் பக்கத்தில் நிற்க, டீ போடும் கண்டக்டர் அண்ணன் கத்தியை நீட்டினார். நான் வாங்கவில்லை.

"இது என் கேக் இல்லண்ணா. நடுவுல குடிச்சிட்டேன்."

அண்ணன் கத்தியைக் கீழே வைத்தார். "எத்தினி நாள்பா ஆச்சு?" என்றார்.

"ஒம்பது."

"ஒம்பது நாள் கொயந்தைக்கு கேக்கு குடுக்கக் கூடாதுப்பா. நாங்க துன்றோம், நீ பார்த்துக்கினு இரு."

எல்லாரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

ஸ்டேஷன் மேம்பாலத்தில் சொன்னாள்: "அன்னிக்கே வாசனை வந்துச்சு. நீங்களா சொல்றீங்களான்னு பார்த்தேன்."

"சொல்லாம வெட்டியிருந்தா?"

"அம்மா வூட்டுக்குப் போயிருப்பேன். பை ரெடியா கீது."

வீட்டுக்கு வந்ததும் கட்டிலுக்கு அடியிலிருந்து அந்தப் பையை இழுத்தாள். புடவைகளை ஒவ்வொன்றாக எடுத்து பீரோவில் திரும்ப அடுக்கினாள். கடைசிப் புடவை உள்ளே போகும்வரை நான் உட்காரவில்லை.