பவித்ரா பேர் போட்ட பாத்திரம்

திருமுல்லைவாயிலில் வடிவின் வீட்டுக்கு முதல்முறை வருகிறவர்கள் தண்ணீர் கேட்டுவிட்டுக் குழம்பிப்போவார்கள். கூடத்தில் ஆளுயர ஃப்ரிட்ஜ் நிற்கும். வடிவு அதைத் திறந்தால் உள்ளே தட்டுத்தட்டாக அரிசி, பருப்பு, புளி, மிளகாய். கதவில் முட்டை வைக்கிற குழிகளில் பூண்டு. மோட்டார் செத்துப்போன ஃப்ரிட்ஜ் அது. எறும்பு ஏறாது, எலி நுழையாது, கரண்டு பில் வராது. இதைவிட நல்ல அலமாரியை எந்தக் கம்பெனியும் செய்ததில்லை என்பது வடிவின் கட்சி. தண்ணீர் மண்பானையில் இருக்கும்.

ஜன்னலில் திரையாகத் தொங்குவது அவளுடைய கல்யாணத்து மறுநாள் புடவை. துணி காய்வது குழந்தைக் கட்டிலின் கம்பிகளில். ஒரு நைட்டி அந்த வீட்டுக்குள் வந்தால் முதலில் தலையணை உறையாகும், பிறகு கைப்பிடித் துணியாகும், அதன்பின் மிதியடியாகும், கடைசியில் கணவன் திருவேங்கடத்தின் ஷேர் ஆட்டோவைத் துடைக்கப் போகும். அங்கேயும் அது கிழிந்துபோனதாக யாரும் பார்த்ததில்லை.

வசதியில்லாமல் இப்படிச் செய்கிறாள் என்று யாராவது பரிதாபப்பட்டால் வடிவுக்குச் சிரிப்பு வரும். மாமனார் வைத்துவிட்டுப்போன நிலத்தில் வாடகைக்கு விட்ட வீடுகள் இருந்தன. அவளுக்கு வேண்டியிருந்தது வேறு. குப்பைக்குப் போகிற வழியில் ஒரு பொருளை மறித்து, கழுவி, துடைத்து, வெயிலில் காயவைத்து, 'நீ இனிமே இங்கதான்' என்று அதற்கு ஓர் இடம் கொடுப்பதில் இருந்த கிறுகிறுப்பு. மாதக் கடைசியில் ஐடி கம்பெனிக்காரர்கள் ஃப்ளாட்டைக் காலி செய்யும்போது, பக்கத்து ஃப்ளாட்டுக்காரர்களுக்கு முன்னால் வடிவுக்குச் சேதி வரும். வாட்ச்மேன்கள் அவள் நம்பரை வைத்திருந்தார்கள்.

அந்த வீட்டில் ஏறக்குறைய எல்லாப் பாத்திரமும் பழையதாக வந்ததுதான். எவர்சில்வர் பாத்திரம் வாங்கினால் கையோடு பேர் வெட்டிக்கொள்வது நம் பழக்கமல்லவா? அதனால் ஒவ்வொன்றின் வயிற்றிலும் யாரோ ஒருவருடைய பேர். வடிவு அந்தப் பேர்களாலேயே பாத்திரங்களைக் கூப்பிட்டாள். சாம்பார் அன்னபூரணியில் கொதிக்கும். ரசத்துக்கு எப்போதும் டி.கே. ராஜாமணி. திருவேங்கடம் சாப்பிட உட்கார்ந்தால், "ராஜாமணிய இப்டி தள்ளு மே" என்பார், ஏதோ ஒன்றுவிட்ட தம்பியைச் சொல்வதுபோல.

இதில் அடிபட்டவள் மகள் பவித்ரா. அவள் பள்ளிக்குக் கொண்டுபோன டிபன் பாக்ஸின் மூடியில் 'எம். ஜெயக்கொடி' என்று பெரிதாக வெட்டியிருந்தது. வகுப்பே அவளை ஜெயக்கொடி என்றது. பத்தாம் வகுப்பில் ஒரு டீச்சர்கூட மறதியாக அந்தப் பேரைச் சொல்லி அவளை எழுப்பினார். பவித்ராவும் எழுந்து நின்றாள்.

அந்தப் பவித்ராவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. அம்பத்தூரில் அவள் வேலை செய்யும் கம்பெனியிலேயே வேலை பார்க்கும் பையன், பேர் சரண். சேலத்திலிருந்து வந்து நெமிலிச்சேரியில் வீடு வாங்கிக் குடியிருக்கும் குடும்பம். தம்பதிக்குத் தனி வீடு பார்த்தாகிவிட்டது. சீர்ப் பாத்திரம் பெண் வீட்டுப் பொறுப்பு. வடிவு புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு புறப்படத் தயாரானபோது பவித்ரா வாசலை மறித்தாள்.

"எவ்ளோ பழசா வேணா வாங்கும்மா, நான் கேக்கமாட்டேன். ஆனா வேற ஒருத்தர் பேர் போட்ட பாத்திரம் ஒண்ணுகூட என் கிச்சனுக்கு வரக்கூடாது. வந்துச்சு, சீர் அன்னிக்குக் காலைல நானே கடைக்குப் போயி எல்லாத்தையும் புதுசா வாங்கிப்பேன்."

ஊரில் எத்தனை வீடுகளுக்கு வடிவு பழைய பீரோவும் கட்டிலும் பிடித்துக் கொடுத்திருக்கிறாள். சொந்த மகளின் அடுப்படிக்குக் கடைச் சாமான் போவதா? சீர்த் தட்டில் நிற்கப்போகிற புதுக் குடம் ஊருக்கு முன்னால் தன்னைப் பார்த்துச் சிரிக்கும் என்று அவளுக்குத் தோன்றியது.

முதலில் பேரை அழிக்கப் பார்த்தாள். பாலிஷ் போடுகிற இடத்தில் ஒரு தூக்குச் சட்டியைக் கொடுத்துத் தேய்க்கச் சொன்னாள். பேர் போனது, அந்த இடத்தில் கிரகணம் பிடித்த நிலாபோல ஒரு மங்கல் வட்டம் வந்தது. யாருடைய பேரையோ அழித்திருக்கிறார்கள் என்று தூரத்திலிருந்தே தெரிந்தது. வடிவு அந்தத் தூக்கைப் பலமுறை திருப்பிப் பார்த்தாள். பஸ்ஸில் திரும்பி வரும்போதுதான் பிடிபட்டது. வேறொருவர் பேர் கூடாது என்றுதானே சொன்னாள்? பவித்ரா என்றே பேர் போட்ட பழைய பாத்திரம் இருந்தால்?

அதற்கு மேல் அவளை யாராலும் பிடித்து நிறுத்த முடியவில்லை. பவித்ரா வயசுப் பெண்களில் எத்தனை பவித்ராக்கள்! பிள்ளைகளின் பேரைப் பாத்திரத்தில் வெட்டிவைத்த அம்மாக்கள் எத்தனை பேர்! அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி என்று பழசை எடைக்கு எடுக்கிற ஒரு காயலான் கடை விடாமல் வடிவு சொல்லிவைத்தாள். கரையான்சாவடியில் கடை வைத்திருக்கும் முகமது ஆசிக் அவளுக்குப் பழைய பழக்கம். அவன் போன் போட்டு, "யக்கா, ஒரு பவித்ரா மாட்டிகினா, வந்து இட்டுகினு போ" என்பான். பக்கத்தில் நிற்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள்.

ஒரு டபரா வந்தது. இரண்டு கரண்டி வந்தன. 'செல்வி பவித்ரா, பாட்டுப் போட்டி, இரண்டாம் பரிசு' என்று ஒரு தட்டு வந்தது. வடிவின் மகளுக்குப் பாட்டு வராது என்பது அக்கம்பக்கம் அறிந்த விஷயம் என்றாலும் தட்டை விட மனசு வரவில்லை. ஒரு அருமையான குடம் வந்தது, கனம், தழும்பே இல்லை, ஆனால் 'பவித்ரா – முரளி' என்று வெட்டியிருந்தது. முரளியை மட்டும் ஸ்டிக்கர் ஒட்டி மறைக்கலாமா என்று வடிவு கேட்டாள். ஸ்டிக்கர் உரியும்போது தன் வீட்டுக்காரரிடம் யார் பதில் சொல்வது என்று பவித்ரா கேட்டாள். குடம் திரும்பிப் போனது.

சீருக்கு நாள் நெருங்கியது. கையில் சேர்ந்தது ஒரு ஆளுக்குச் சோறு போடக்கூடப் போதாது. பவித்ரா கடைப் பேர்களை விசாரிக்க ஆரம்பித்துவிட்டாள். அப்போதுதான் ஆசிக் மறுபடி கூப்பிட்டான்.

"யக்கா, எங்கனா உக்காந்துகினு கேளு."

வடிவு உட்காரவில்லை. செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடினாள்.

கடைக்குப் பின்னால் சாக்கு விரித்து, அதன்மேல் ஆசிக் கடை பரப்பியிருந்தான். அண்டா, குடம், இட்லிப் பானை, அடுக்குச் சம்படம், தாம்பாளம், தூக்கு, டம்ளர் வரிசை. லாஃப்டிலேயே கிடந்து அடுப்பைப் பார்க்காத பாத்திரங்கள். ஒவ்வொன்றிலும் ஒரே கை அழகாக வெட்டியிருந்தது: 'சரண் – பவித்ரா'.

வடிவு ஒன்றை எடுத்துப் பார்த்தாள். அதைக் கீழே வைக்காமலே இன்னொன்றை எடுத்தாள். பிறகு சாக்கைச் சுற்றி நடந்தாள். இரண்டாம் சுற்றில் அது நடையாக இல்லை, கிட்டத்தட்டக் கும்மியாகிவிட்டது. எதிர்க் கடை டீ மாஸ்டர் கிளாஸோடு வெளியே வந்து நின்று பார்த்தார். "அக்காவுக்கு இன்னா லாட்ரி அட்ச்சுதா?" என்றார். அதைவிடப் பெரிசு என்றான் ஆசிக்.

திருவேங்கடத்தின் ஆட்டோவில்தான் எல்லாம் வீடு வந்தன. வழியில் ஏறிய சவாரிகளையும் அவர் விடவில்லை. ஆளுக்கொரு பாத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு வந்தார்கள். கூடத்தில் இறக்கி வைத்த பிறகுதான் அவர் அந்தப் பேர்களை நிதானமாகப் படித்தார். முகம் மாறியது.

"இன்னா மே வடிவு, கல்யாணப் பாத்திரத்த எவனாச்சும் மொத்தமா எடைக்குப் போடுவானா? அதுவும் புத்தம் புதுசா? அந்தச் சரணும் பவித்ராவும் அத்துகினு பூட்டாங்கபோல கீது. கெட்டுப்போன கல்யாணத்துப் பாத்திரத்தயா நம்ம பொண்ணுக்குச் சீரு வெக்கிறது?"

வடிவின் தலையில் ஆடிக்கொண்டிருந்த கும்மி நின்றது. இப்படியொரு யோசனை அவளுக்கு வரவே இல்லை. அதே பேர், அதே ஜோடி. அவர்கள் சண்டையில் பிரிந்திருந்தால் இந்த அண்டாவில் கை வைக்க அவளுக்கே துணிவு வராது. பவித்ராவிடம் இப்போதைக்குச் சொல்ல வேண்டாம் என்று கணவனிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள். பாத்திரங்களைத் துணியால் துடைத்துப் பரணில் ஏற்றினாள். துடைக்கும்போதுதான் இட்லிப் பானைக்கு மூடி இல்லாதது தெரிந்தது. பாத்திரத்துக்காரர்களை விசாரித்துப் போக ஒரு சாக்கு கிடைத்தது.

பாத்திரம் வந்தது ஆவடி பருத்திப்பட்டு ஏரிக்குப் பக்கத்து ஃப்ளாட் ஒன்றிலிருந்து என்று ஆசிக் சொன்னான். மறுநாள் இட்லிப் பானையை இடுப்பில் வைத்துக்கொண்டு வடிவு அந்தக் கதவைத் தட்டினாள். திறந்தது சரசா என்ற அம்மாள். கண்ணாடி, ஒற்றைப் பின்னல், கையில் பேக்கிங் டேப். வீடு முழுக்க அட்டைப்பெட்டிகள். காயலான் கடையிலிருந்து பானையை வாங்கியவள் தான் என்றும், இதன் மூடி இங்கேயே தங்கிவிட்டதா என்றும் வடிவு கேட்டாள். மூடிக்காக ஒருத்தி ஆவடி வரை வந்திருக்கிறாளே என்று சரசா அசந்துபோய் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தாள்.

மூடியைத் தேடிக்கொண்டிருந்த சரசாவிடம் வடிவு தயங்கித் தயங்கி ஆரம்பித்தாள்.

"சரணு, பவித்ரா... ரெண்டு பேரும் நல்லா கீறாங்களாம்மா?"

"அதையேன் கேக்கறீங்க. ஒருத்தருக்கொருத்தர் ஆகவே ஆகாது. ஒரே வீட்டுல வெச்சா தினமும் ரகளை. இப்ப அவன் பெங்களூர், அவ துபாய். அப்பாடான்னு இருக்கு."

திருவேங்கடம் சொன்னது சரியாகிவிட்டது. பெரியவங்க உட்கார்ந்து பேசிச் சேர்த்துவைக்கக் கூடாதா என்றாள் வடிவு.

"எங்கேயிருந்து சேத்து வெக்கறது? தொட்டில்லேருந்து அப்படித்தான். ரெண்டும் ரெட்டைப் பிள்ளைங்க. வயித்துக்குள்ளயே உதைச்சுக்கிட்டவங்க."

வடிவு இட்லிப் பானையை மெதுவாகக் கீழே வைத்தாள். சரசா சொல்லிக்கொண்டே போனாள். தீபாவளிக்குத் தீபாவளி ஒரு பாத்திரம் வாங்குவாளாம். உனக்கு எனக்கு என்று அடித்துக்கொள்ளக் கூடாதென்று இரண்டு பேரையும் சேர்த்தே வெட்டிவைத்தாளாம். கடைசியில் இரண்டு பேருக்குமே வேண்டாமாம், இருவர் வீட்டிலும் கறுப்பு நான்ஸ்டிக்தானாம். சரசாவும் மகனோடு இருக்கப் பெங்களூர் போகிறாள். அதனால்தான் எடைக்குப் போட்டாள்.

வடிவுக்குச் சிரிப்பு பாதத்திலிருந்து கிளம்பியது. புடவைத் தலைப்பை வாயில் அடைத்துப் பார்த்தாள், நிற்கவில்லை. பயந்துபோன சரசாவுக்கு, மகள் பேரும் மாப்பிள்ளை பேரும் சீரும் நிபந்தனையும் எல்லாம் இடையிடையே மூச்சு வாங்கிச் சொல்லி முடித்தபோது, சரசா ஒரு அட்டைப்பெட்டியின் மேல் சரிந்து உட்கார்ந்துவிட்டாள். பெட்டி அமுங்கியது. இரண்டு பெண்களும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். வடிவு திரும்பும்போது மூடியோடு, விற்க மனசு வராமல் சரசா ஒதுக்கிவைத்திருந்த பால் குக்கரும் பணியாரச் சட்டியும் வந்தன. அவற்றிலும் இரட்டையர் பேர்.

பவித்ராவிடம் மறைக்கலாம்தான். ஆனால் பழைய சாமானில் ஓட்டையை மறைத்துக் கொடுத்த பேர் வடிவுக்குக் கிடையாது. அன்று மாலையே எல்லாவற்றையும் கூடத்தில் அடுக்கி, நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள்.

"இதுவும் வேற யாரோ பேருதான், பவித்ரா. நான் பொய் சொல்லமாட்டேன். வேணான்னா சொல்லிடு. நாளைக்கே கடைக்குப் போலாம்."

திருவேங்கடம் அண்ணன் தங்கச்சிப் பாத்திரம் என்று ஏதோ புதுக் கவலையை ஆரம்பித்தார். பவித்ரா அவரைக் கையமர்த்தினாள். அண்டாவின் முன்னால் உட்கார்ந்து எழுத்தின் மேல் விரலை ஓட்டினாள். இந்த அம்மா தன் பேருக்காகக் காயலான் கடை காயலான் கடையாக ஏறி இறங்கியதும், முரளியைத் திருப்பிக் கொடுத்ததும், இடுப்பில் பானையோடு ஆவடிக்கு பஸ் ஏறியதும் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். உதட்டைக் கடித்துப் பார்த்தாள். முடியவில்லை. அண்டாவுக்குள் தலையை விட்டுச் சிரித்தாள். அண்டா அந்தச் சிரிப்பைப் பெரிதாக்கித் தெரு முழுக்கக் கேட்கவைத்தது. ஆனால் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. சீர் நாள்வரை வடிவு சரியாகத் தூங்கவில்லை.

சீர் அன்று காலை பவித்ரா கடைக்குப் புறப்படவில்லை. தட்டுகள் வரிசையாக நெமிலிச்சேரி வீட்டுக்குள் போயின. சரணின் அம்மா கஸ்தூரி எதையும் கையில் எடுத்துப் பார்க்கிறவர். குடத்தை எடுத்தார், எடை பார்த்தார், கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பேரைப் படித்தார். எழுத்து இவ்வளவு லட்சணமாக இருக்கிறதே, எங்கே கொடுத்து வெட்டினீர்கள் என்று வடிவைக் கேட்டார். கம்பெனி நண்பர்கள், சொந்தக்காரர்கள், எல்லாரும் அங்கேதான் நின்றார்கள். வடிவு தலைப்பின் நுனியால் குடத்தில் இல்லாத தூசியைத் துடைத்தாள்.

"வெட்டல அத்தை," என்றாள் பவித்ரா. பட்டுப்புடவையோடு முன்னால் வந்து குடத்தின் மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டாள். "எல்லாம் பழசு. பேரோட தேடிப் புடிச்சது. எங்கம்மா மாதிரி யாராலயும் புடிக்க முடியாது."

பிறகு இரட்டைப் பிள்ளைகளின் கதையை அவளே சொன்னாள், வடிவு சொன்னதைவிட நன்றாகவே சொன்னாள். கூடம் சிரித்தது. சரண் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். கஸ்தூரி மட்டும் சிரிக்காமல் குடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். சம்பந்தியம்மா மெல்ல வடிவின் பக்கம் நகர்ந்து, யாருக்கும் கேட்காதபடி காதோரம் குனிந்தார்.

"ஏங்க, கஸ்தூரின்னு ஏதாச்சும் வருமா?"

வடிவு அவரை ஒரு தரம் தீர்க்கமாகப் பார்த்தாள். பிறகு இடுப்பில் தலைப்பை இழுத்துச் செருகினாள்.

"இன்னா வேணும்னு சொல்லுங்க சம்பந்தி. குடமா, குத்துவிளக்கா?"