பேண்டேஜ் அக்கா எடுத்த சிரிப்பு

என் வேதாகமத்தில், சங்கீதங்களுக்கு நடுவே போன மாதம் வரை ஒரு போட்டோ இருந்தது. தபால் அட்டை அளவு. ராஜபாளையத்தில் ஒரு மருத்துவமனைக்கு எதிரே, டீக்கடை பெஞ்சில், என் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு என் வீட்டுக்காரர் உட்கார்ந்திருக்கிறார். வாய் கொள்ளாத சிரிப்பு. கடைவாயில் பல் விழுந்த இடம்கூடத் தெரிகிறது. படம் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறது, ஓரத்தில் எடுத்தவரின் விரல் நுனி வேறு விழுந்திருக்கிறது. இதை நான் எடுக்கவில்லை. திருடினேன்.

எடுத்தவள் பேண்டேஜ் அக்கா. சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்யும் தறியில் வேலை பார்த்ததால் அந்தப் பெயர். அக்கா என்றாலும் என்னைவிட நாலு வயது இளையவள். எனக்கும் அவளுக்கும் ஒரே புற்றுநோய், இடது மார்பில். மருந்து ஏற்றும் நாளும் ஒன்று. அந்த மருத்துவமனையில் நோயாளிகளோடு பேசுவதற்கென்று ஒரு கவுன்சிலர் பெண் இருந்தாள். மனதில் இருப்பதைச் சொல்லுங்கள் என்றால் ஒருவரும் வாய் திறக்கவில்லை என்று கண்டு, ஒரு சின்னக் கேமராவைக் கையில் கொடுத்தாள். ஆளுக்கு மூன்று நாள். எதைப் பார்த்து நின்றீர்களோ அதை எடுத்து வாருங்கள் என்பாள். அதில் ஒன்றை மட்டும் பிரிண்ட் போட்டுச் சுவரில் ஒட்டிவிட்டு, கேமராவில் இருப்பதையெல்லாம் அழித்து, அதை அடுத்தவரிடம் கொடுப்பாள். நாங்கள் சுற்றி உட்கார்ந்து சுவரில் இருப்பதைப் பற்றிப் பேச வேண்டும்.

நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருபத்தெட்டு வருடம் கணக்கு டீச்சர். இரண்டாவது இடம் எனக்குப் பழக்கமில்லை. விடியற்காலையில் போய்க் கோபுரத்தைத் திரும்பத் திரும்ப எடுத்தேன், ஒரு கலசம் வெட்டுப்படாமல், ஸ்கேல் வைத்தது போல நேராக. "அழகா இருக்கு டீச்சர்" என்றார்கள். அதோடு பேச்சு முடிந்தது. பேண்டேஜ் அக்கா கொண்டுவந்தது, காயப்போட்ட பேண்டேஜ் துணிமேல் விழுந்த தன் மொட்டைத்தலை நிழலை. பாதிப் படம் வெறும் தரை. அதைப் பார்த்து ஒருத்தி அழுதாள். அதுவரை பேசாத ஒரு பெரியவர், என் மகளுக்கு இன்னும் இந்த நோயைச் சொல்லவில்லை என்று ஆரம்பித்தார். அரைமணி நேரம் ஓடியது. எனக்கு வயிறு பற்றி எரிந்தது. சாக்காட்டு நோய் வந்த இடத்திலும் ஒருத்தி என்னை முந்த வேண்டுமா!

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், அந்த எரிச்சல்தான் என்னைப் பஸ் ஏற்றியது. நான்காவது தடவை மருந்துக்குப் போகமாட்டேன் என்று படுத்துவிட்டேன். வாயெல்லாம் புண், எச்சில் விழுங்க முடியவில்லை. இந்தத் தடவை அவள் என்ன படம் கொண்டுவந்திருப்பாளோ என்ற நினைப்பு வந்தது. எழுந்து சேலையைச் சுற்றிக்கொண்டு கிளம்பிவிட்டேன். கவுன்சிலர் பெண் அதைக் கேமராவின் பலன் என்று எழுதிக்கொண்டாள். எழுதிக்கொள்ளட்டும்.

அன்றைக்குச் சுவரில் இருந்தது என் வீட்டுக்காரர் சிரிக்கும் இந்தப் படம்.

எங்கள் வீட்டில் சிரிப்பு நின்று மாதக்கணக்காகியிருந்தது. நிறுத்தியது நான்தான். நோய் தெரிந்த புதிதில் ஒரு நாள் டிவியில் ஏதோ நகைச்சுவையைப் பார்த்து அவர் சிரித்தார். "நான் சாகக் கெடக்கேன், ஒங்களுக்கு இளிப்பு கேக்குதோ?" என்றேன். அவர் டிவியை அணைத்தார். அதற்குப் பிறகு அவர் சிரித்து நான் பார்க்கவில்லை. கஞ்சி வைத்தார், வாந்தி வாளியைக் கழுவினார், எல்லாம் துக்க வீட்டு முகத்தோடு. அந்த மனிதர்தான் இங்கே எவளோ ஒருத்தியின் கேமராவுக்கு முப்பத்திரண்டையும் காட்டிக்கொண்டிருந்தார். சுற்றி இருந்தவர்கள் "டீச்சர், சார் எம்புட்டு அழகாச் சிரிக்காரு!" என்றார்கள். எனக்கு உடம்பெல்லாம் மிளகாய் அரைத்துப் பூசியது மாதிரி இருந்தது. முப்பது வருடம் சேர்ந்து வாழ்ந்தவள் நான், சிரிப்பு அவளுக்கா? எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில் படத்தைப் பிய்த்துக் கைப்பைக்குள் போட்டேன்.

பேண்டேஜ் அக்கா சும்மா இருப்பவளா? அடுத்த தடவை வந்ததும் வெறும் சுவரைப் பார்த்து நடு அறையில் நின்று சாபம் கொடுத்தாள். "எந்தச் சிறுக்கி எடுத்தாளோ, எடுத்த கை வெளங்காமப் போகும்!" அவள் சொல்லி ஒரு மணி நேரம் ஆகவில்லை, ஊசி நரம்பைவிட்டு விலகி என் வலதுகை பூரி போல வீங்கிவிட்டது. படம் பிய்த்த அதே கை. நான் வேதம் படித்தவள்தான், இருந்தாலும் குலை நடுங்கிவிட்டது. அவள் தன் மருந்துப் பாட்டில் தொங்கும் கம்பியைத் தள்ளிக்கொண்டே ஓடிவந்து, "ஏட்டி, ஐஸ் கொண்டா!" என்று சின்ன நர்ஸை விரட்டினாள். என் கையைத் தன் மடியில் போட்டு ஐஸ் வைத்தாள். வைத்துக்கொண்டே, "அந்தத் திருட்டு நாயி மட்டும் ஆப்பிடட்டும் டீச்சர்" என்று என்னிடமே பல்லைக் கடித்தாள். சொல்லிவிடலாம் என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. சொன்னால் படத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமே என்று விழுங்கிவிட்டேன்.

எனக்குக் குணமானது. அவளுக்கு ஈரலில் பரவியது. சாவுக்குப் போனபோது, கூடத்தில் மாலை போட்டிருந்தது அடையாள அட்டையிலிருந்து பெரிதாக்கிய ஒரு மங்கல் முகத்துக்கு. எங்கள் எல்லோரையும் எடுத்தவளை நாங்கள் ஒருவரும் எடுக்கவில்லை. கோபுரத்தைப் பதினோரு தடவை எடுத்த நானும் எடுக்கவில்லை.

போன மாதம் என் வீட்டுக்காரர் ஜெபத்துக்கு வேதாகமத்தை விரித்தபோது படம் கீழே விழுந்தது. "இது எப்படி இங்க வந்துச்சு?" என்றார். சொன்னேன், சாபம் உட்பட எல்லாவற்றையும். அவர் கோபப்படவில்லை. எனக்குத்தான் இத்தனை வருடம் கழித்தும் ஆறவில்லை. "அப்படி என்னத்தச் சொல்லிச் சிரிக்க வச்சா அவ?" என்று கேட்டேன்.

"பெருசா ஒண்ணும் சொல்லல பிள்ள. 'அண்ணாச்சி, டீச்சர் உள்ளதான் இருக்காக, வர நேரமாகும். செத்த நேரம் சிரிச்சுக்கோங்க'ன்னா. அம்புட்டுத்தான்."

சொல்லிவிட்டு, சொல்லியிருக்கக் கூடாதோ என்று என் முகத்தைப் பார்த்தார். நோய் போய் ஆறு வருடம். இன்னும் என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் அவர் எதையும் செய்கிறார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. நானும் செல்போனில் அவரை எத்தனையோ படம் எடுத்துவிட்டேன். "சிரிங்க" என்பேன். உதடு மட்டும் விரியும். பேண்டேஜ் அக்காளுக்கு ஒரு பெஞ்சில் கிடைத்தது எனக்கு இன்றுவரை கிடைக்கவில்லை. செத்துப்போனவள்மேல் பொறாமைப்படக் கூடாது என்பார்கள். எனக்குப் பொறாமையாகத்தான் இருக்கிறது.

படத்தை எடுத்து டிவி பக்கத்தில் நிறுத்தி வைத்தேன். டிவியைப் போட்டு, ரிமோட்டை அவர் கையில் கொடுத்தேன். "நான் உள்ள போறேன், வர நேரமாகும்" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். முதலில் ஒரு செருமல் கேட்டது. பிறகு, மெதுவாக, அந்தச் சிரிப்பு. ஓடிப்போய்ப் பார்க்கக் கால் துடித்தது. செத்த நேரம் நான் வெளியே வரவில்லை.