மடித்து வைத்த பாதி

என் கணினியில் அப்பாவின் படம் இருக்கும் கோப்பைத் திறந்தால், ஓரத்துப் பட்டியலில் ஒரு சின்னக் கண் அடையாளம் அணைந்திருக்கும். அதைச் சொடுக்கினால் போதும், படத்தில் மறைத்து வைத்திருக்கும் அடுக்கு, அந்த லேயர், தெரிந்துவிடும். நான் சொடுக்குவதில்லை. அந்தக் கண்ணைப் பார்க்கும்போதெல்லாம் ஓடைப்பட்டி அக்காவின் நினைவு வருகிறது.

உத்தமபாளையத்தில் ஒரு ஸ்டூடியோவில் நான் கம்ப்யூட்டர் வேலை பார்த்த காலம் அது. இரண்டாயிரத்து மூன்றோ நான்கோ இருக்கும். பழைய கறுப்பு வெள்ளைப் படங்களுக்கு நிறச்சாயல் ஏற்றுவது எனக்கு மிகவும் பிடித்த வேலை. கறுப்பு வெள்ளை என்று வாய்தான் சொல்கிறது. அப்படி ஒரு படத்தை நான் பார்த்ததே இல்லை. ஒன்று காப்பித்தூள் நிறமாக இருக்கும், ஒன்று சாம்பலாக இருக்கும், இன்னொன்றில் கறுப்புக்குள் லேசாகப் பச்சை ஒளிந்திருக்கும். மஞ்சளைத் துளி கூட்டினால் ஆள் வெயிலில் நிற்பார்; நீலத்தைக் கூட்டினால் அதே ஆள் மழைக்கு ஒதுங்கி நிற்பார். இது எப்படி என்று சாப்பாட்டையும் மறந்து நிறத்தின் அளவைத் தள்ளித் தள்ளிப் பார்ப்பேன். செபியா என்னும் மஞ்சள் பழுப்பைப் போட்டால் யாரும் ஜமீன்தாராகிவிடுவார் என்று நம்பிய பைத்தியம் நான்.

அக்கா திராட்சைத் தோட்டத்திலிருந்து நேராக வந்திருந்தார். மருந்தடித்த கையில் மயில்துத்த நீலம் போகவில்லை. சட்டம் போட்ட அவருடைய அய்யாவின் படம் ஒன்றும், ஆத்தாளின் பாஸ்போர்ட் சைஸ் கலர் படம் ஒன்றும் கொண்டு வந்தார். ஆத்தா அந்த வாரம்தான் இறந்திருந்தார்.

"அய்யா போனப்ப நான் கைப்பிள்ளை. ரெண்டு பேரும் சேந்து நிக்கிற படமே எங்க வீட்டுல கெடையாது. கருமாதிக்குள்ள நீதான் சேத்து வைக்கணும்" என்றார்.

சட்டத்தைக் கழற்ற வேண்டாம் என்று அவர் சொன்னதால், கண்ணாடிக்கு மேலேயே படம்பிடித்து வேலையைத் தொடங்கினேன். ஆத்தாளின் கலரை எடுத்துவிட்டு இருவரையும் பக்கத்தில் நிறுத்தி, என் செபியாவை ஏற்றி, பெருமையாகத் திரையைத் திருப்பிக் காட்டினேன். அக்காவின் முகம் சுண்டிவிட்டது.

"எங்க அய்யாவ ஏன்த்தா மஞ்சளாக்குன? மஞ்சக்காமாலையிலதான் அவுக போனாக."

அவசரமாக நீலத்துக்கு மாற்றினேன். கொஞ்ச நேரம் பார்த்திருந்துவிட்டு, "இப்ப தாயும் மகனும் நிக்கிற மாதிரில்ல இருக்கு" என்றார். அய்யாவுக்கு அதில் இருபத்தைந்து வயது கூட இருக்காது. ஆத்தாளோ கிழவி. வயதுக்கு நான் என்ன செய்வது? நிறத்தையாவது சரியாகப் பிடிக்கலாம் என்று தோன்றியது. சட்டத்துக்கு அடியில் மறைந்திருக்கும் ஓரத்தில் விளக்குப் புகையும் வெளிச்சமும் பட்டிருக்காது, அங்கே படத்தின் அசல் நிறம் இருக்கும் என்றேன். அது எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ளும் ஆசை எனக்குத்தான் அதிகம். வெள்ளிக்கிழமைதோறும் ஆத்தா துடைத்து வைத்த சட்டம் அது. அக்கா தயங்கித் தயங்கிச் சம்மதித்தார்.

ஸ்டூடியோ முதலாளி பாய் குறட்டால் ஆணிகளைப் பிடுங்கினார். அட்டையை எடுத்ததும் படம் இரட்டைக் கனமாக இருந்தது. பாதியைப் பின்பக்கமாக மடித்து வைத்திருந்தார்கள். பாய் மெல்லப் பிரித்தார். அய்யாவிடமிருந்து ஒரு முழம் தள்ளி, தலை நிறையப் பூவோடு, கேமராவைப் பார்த்துப் பயந்தபடி ஒரு சின்னப் பெண் நின்றிருந்தாள்.

அக்கா குனிந்து அந்த முகத்தைப் பார்த்தார்.

"உசுரோட இருக்கவ மேல மாலை விழுந்துரக் கூடாதுன்னு மடிச்சு வச்சிருக்காக. வெட்ட மனசு வரல போல. இத்தன வருசமும் அய்யா முதுகுக்குப் பின்னாலதான் எங்க ஆத்தா நின்னுருக்கு."

மடித்தது யார் என்று அவருக்குத் தெரியவில்லை. ஆத்தாளே மடித்திருப்பாரோ? அப்படியானால் வாரந்தோறும் துடைக்கும்போது உள்ளே தான் இருப்பதும் தெரிந்திருக்குமே! ஏன் மகளிடம் சொல்லவே இல்லை?

ஆத்தாளின் பாதி கெடாமல் இருந்தது. நல்ல கறுப்பு, அதற்குள் கருப்பட்டியின் சிவப்பு கொஞ்சம். அவருடைய கூந்தலில் இருந்து அந்த நிறத்தை எடுத்து அய்யாவுக்கு ஏற்றினேன். காமாலை இறங்கியது போல அவர் முகம் தெளிந்தது. நடுவில் மடிப்பு விழுந்து வெடித்த வெள்ளைக் கோடு மட்டும் மேலிருந்து கீழ்வரை நின்றது. பழைய படத்தில் அது ஒரு அழகு, சிலர் விட்டுவிடச் சொல்வார்கள். என்ன செய்யட்டும் என்று கேட்டேன்.

"அழிச்சுரு. இனிமே மடிக்க வேண்டியதில்லல்ல" என்றார் அக்கா. அதற்குப் பிறகுதான் அழுதார்.

போன வருடம் என் அப்பா இறந்தார். அவர் நன்றாகச் சிரித்த படம் ஒன்றே ஒன்றுதான், அதில் அம்மாவும் பக்கத்தில் இருக்கிறாள். அம்மாவைத் தனி லேயராக எடுத்து மறைத்துவிட்டு, அவள் நின்ற இடத்தில் சுவரை நிரப்பினேன். அப்பாவுக்கு அந்தக் கருப்பட்டிக் கறுப்பையே ஏற்றினேன். அம்மா என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னைய எங்கனடி வச்ச?"

"உள்ளதான்மா இருக்க. அழிக்கல."

"சரி, அங்கனயே இருக்கேன்" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாள். அந்தக் கண்ணை நான் திறக்க வேண்டிய நாள் வரவே வேண்டாம்.