தரைத்தளம் வந்தாச்சு

"தரைத்தளம் வந்தாச்சு" என்று தாழ்ந்த குரலில் பாடிப் பார்த்தார் பல்செட்காரர். சரியாக வரவில்லை. ரப்பர் கிண்ணத்தில் பிளாஸ்டர் மாவைக் குழைத்தபடியே கொஞ்சம் சோகம் சேர்த்து இன்னொரு முறை பாடினார். சோகம் தூக்கலாகிவிட்டது, ஜலதோஷம் பிடித்தவர் பாடுவது போலிருந்தது. மேசைமேல் உலர்ந்துகொண்டிருந்த முப்பத்தோரு தாடை அச்சுகளும் வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தன. "ஒருத்தராவது கை தட்டுறீங்களா பாரு" என்று அவற்றிடம் குறைபட்டுக்கொண்டு, மாவு இறுகுவதற்குள் அடுத்த அச்சில் ஊற்றினார்.

மாவு ஏழு நிமிடத்தில் இறுகிவிடும். இருபத்தாறு வருடமாக அவருடைய வாழ்க்கை ஏழேழு நிமிடத் துண்டுகளாகத்தான் நகர்கிறது. தொலைபேசியில் யார் அழைத்தாலும், "மாவு இறுகிடும், அப்புறம் பேசறேன்" என்பார். பக்கத்துக் கட்டடத்தில் ஒருமுறை புகை கிளம்பி எல்லோரும் தெருவுக்கு ஓடியபோதுகூட, அவர் கிண்ணத்தோடுதான் ஓடினார்.

பல் மருத்துவமனையின் பின்பக்கத்தில், ஒரே ஒரு ஜன்னல் உள்ள அறை அவருடையது. நன்றி எல்லாம் முன் அறையில் மருத்துவருக்குப் போய்விடும். 'இடது பக்கம் குத்துகிறது', 'சாப்பிடும்போது கழன்று விழுகிறது' என்ற சீட்டுகள் மட்டும் கதவுக்கு அடியில் இவருக்கு வரும். வாயின் சொந்தக்காரர்களை அவர் பார்த்ததே இல்லை. அதனாலேயே அவர்களைப் பற்றி அவருக்குச் சகலமும் தெரியும். "பல்லு சொல்லிடும்ங்க. இவரு கோபக்காரர். ராத்திரி பல்லை நறநறன்னு கடிக்கிறாரு. முன்னாடி போலீஸ்ல இருந்திருக்கணும்" என்று ஒரு கீழ்த்தாடையைக் காட்டி மருத்துவரிடம் அடித்துச் சொன்னார் ஒருநாள். அந்தத் தாடைக்கு உரியவர், மழலையர் பள்ளியில் பாட்டுச் சொல்லித்தந்து ஓய்வுபெற்ற ஓர் அம்மாள். மருத்துவர் இன்றும் பல்செட்காரரைப் பார்த்தால், "என்ன, போலீஸ் சௌக்கியமா?" என்பார். இவரும் சேர்ந்து சிரித்துவிடுவார். ஊருக்கெல்லாம் சிரிப்பு செய்து தருகிறவர், தன் பங்குக்குச் சிரிக்காவிட்டால் எப்படி?

நாடகக் குழுவில் அவர் சேர்ந்ததும் இப்படி ஒரு கூத்துதான். வில்லனுக்கு மாட்ட ஒரு தங்க நிறப் பல்லுறை செய்து, அதைக் கொடுத்துவிட்டு வரலாம் என்று ஒத்திகைக் கூடத்துக்குப் போனார். அன்றுதான் லிஃப்ட்காரர் வேடம் போட்டவர் வேலை மாற்றலாகிக் கிளம்பிப் போயிருந்தார். இயக்குநர் இவரை மேலும் கீழும் பார்த்தார். பிறகு சீருடைக் கோட்டை எடுத்துவந்து இவர் முதுகில் வைத்துப் பார்த்தார். "கலைக்கு என்னைத் தேர்ந்தெடுத்தது என் தோள்பட்டை" என்று பல்செட்காரர் எல்லோரிடமும் சொல்வது பணிவுக்காக அல்ல, நடந்ததே அதுதான்.

மூடப்போகும் ஒரு பெரிய ஹோட்டலைப் பற்றிய இசை நாடகம் அது. பாத்திரப் பட்டியலில் லிஃப்ட்காரருக்குக் கடைசிக்கு முந்தின இடம். கடைசி இடம் ஹோட்டல் பூனைக்கு. ஆனால் பூனைக்கு ஒரு தனிப்பாட்டு உண்டு. லிஃப்ட்காரருக்கு இரண்டரை மணி நேரத்தில் ஒரே ஒரு வரி. நாயகி ஹோட்டலை விட்டு ஒரேயடியாகக் கிளம்பும் காட்சியில், பெட்டியோடு நிற்கும் அவளைக் கீழே இறக்கிவிட்டு, "தரைத்தளம் வந்தாச்சு" என்று அவர் பாட வேண்டும். அவள் வெளியே வந்ததும் நாலு தாள அடிக்குள் லிஃப்டின் கம்பிக் கதவை இழுத்துச் சாத்த வேண்டும். ஒட்டுப்பலகையில் அடித்த அந்த லிஃப்டில் நிஜமானது கதவு மட்டும்தான். ஏதோ பழைய கட்டடத்தை இடித்தபோது கிடைத்ததாம். அது சாத்தும்போது 'கடாங்' என்று ஒரு சத்தம் வரும். மேடைக்குக் கீழே முதுகு காட்டி உட்கார்ந்திருக்கும் கீபோர்டுக்காரர் அந்தச் சத்தத்தைக் கேட்டதும்தான் நாயகியின் பிரிவுப் பாட்டைத் தொடங்குவார்.

ஒரு வரிதானே என்று சும்மா இருக்க முடியவில்லை பல்செட்காரரால். நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கினார். முதல் பக்கத்தில், தொழில் புத்தி விடுமா, 'கடைவாய்ப் பல் தேய்ந்திருக்கும். கவலையை வெளியே சொல்லாதவர்' என்று எழுதினார். பிறகு லிஃப்ட்காரருக்குச் செருப்பு அளவு வந்தது. இரத்த வகை வந்தது. மாடிப்படியில் ஏறப் பயம் வந்தது. சர்க்கரைக் கட்டியைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளும் பழக்கம் வந்தது. உயரமே பிடிக்காத ஒருவர் முப்பது வருடம் லிஃப்ட் ஓட்டுகிறார் என்ற தன் கற்பனையை நினைத்து அவருக்கே புல்லரித்தது. மூன்று வாரத்தில் நோட்டு தீர்ந்து, அட்டையின் உட்புறத்திலும் எழுதினார்.

முப்பத்தெட்டாம் பக்கத்தில்தான் வினை. இருபது வருடத்துக்கு முன்னால் லிஃப்ட்காரரின் மனைவியே ஒரு பெட்டியோடு அதே லிஃப்டில் இறங்கினாள். ஆறாவது மாடியில் யாரோ மணியை அழுத்திக்கொண்டிருந்தார்கள். 'வேலை இருக்கு' என்று அவர் உடனே கதவைச் சாத்திவிட்டார். அவள் திரும்பிப் பார்த்தாளா என்பது அவருக்கு இன்றுவரை தெரியாது. அதனால் பெட்டியோடு ஒரு பெண் இறங்கினால் அவர் கை கதவருகே போய் நின்றுவிடும்.

இதை எழுதிய நாளிலிருந்து பல்செட்காரரின் கையும் நின்றுவிட்டது.

"அண்ணே, நாலு அடி. நீங்க எட்டு எடுக்கறீங்க" என்றார் இயக்குநர். அவர் பகலில் நீச்சல் பயிற்சியாளர். எதையும் நொடிக் கணக்கில்தான் பேசுவார்.

"அவருக்கு மனசு வரலைங்க."

"யாருக்கு?"

"லிஃப்ட்காரருக்கு."

"லிஃப்ட்காரர் யாரு?"

"நான்தான்."

"அப்ப உங்க மனசை வரச் சொல்லுங்கண்ணே."

கூடமே சிரித்தது. நாயகி மட்டும் சிரிக்கவில்லை. "அங்கிள், பெட்டி கனமா தெரியணும்னு உள்ள நிஜச் செங்கல் வெச்சிருக்காங்க. நீங்க யோசிச்சு முடிக்கறதுக்குள்ள எனக்குத் தோள் இறங்கிடும்" என்றாள். அவர் செங்கலுக்காக வருத்தப்படவில்லை, 'அங்கிள்' என்றதற்காகத்தான் வருத்தப்பட்டார்.

அடுத்த நாள் ஏழு அடி. அதற்கடுத்த நாள் மறுபடி எட்டு. இயக்குநர் விசிலைக் கழுத்திலிருந்து கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். அது நல்ல அறிகுறி இல்லை.

"வெள்ளிக்கிழமை கடைசி ஒத்திகை. அன்னைக்கும் லேட்டாச்சுன்னா லிஃப்ட்காரரையே எடுத்துடலாம்ணே. தானா மூடற லிஃப்டுன்னு வெச்சுக்குவோம். ஒரு மணிச் சத்தம் போதும். மணிக்கு மனசு கினசு ஒண்ணும் கிடையாது."

பூனை வேடக்காரர் அவரைத் தனியே அழைத்துப்போய் ஆறுதல் சொன்னார். "கவலைப்படாதீங்கண்ணே. அடுத்த வருஷம் நான் வேற வேஷம் கேக்கப்போறேன். பூனை காலியாகும்."

அன்று மாலை வீட்டுக்குப் போன பல்செட்காரர், சீருடையோடு போட வேண்டிய வெள்ளைக் கையுறையை மாட்டிக்கொண்டு படுக்கையறைக் கதவைச் சாத்திச் சாத்திப் பழகினார். நாலாவது அடியில் சாத்த முடிந்தது. ஆனால் படுக்கையறையிலிருந்து யாரும் பெட்டியோடு வெளியே போகவில்லையே.

அவர் மனைவி கண் மருத்துவமனையில் பார்வை பரிசோதிப்பவர். நாள் முழுக்க 'கடைசி வரியைப் படிங்க' என்று சொல்லிவிட்டு வருகிறவருக்கு, வீட்டில் எதையும் படிக்கப் பிடிக்காது. ஆனாலும் கதவு இருபதாவது முறை சாத்தப்பட்டதும், "அப்படி என்னதான் எழுதியிருக்கீங்க, கொடுங்க" என்று நோட்டை வாங்கிக்கொண்டார். சோபாவில் காலை மடக்கி உட்கார்ந்து, இரத்த வகையில் ஒருமுறையும், சர்க்கரைக் கட்டியில் ஒருமுறையும் சிரித்தார். முப்பத்தெட்டாம் பக்கத்தில் சிரிப்பு நின்றது. அந்தப் பக்கத்தையே மறுபடியும் முதலிலிருந்து படித்தார்.

"ஏங்க, இது நம்ம கதைதானே?"

"எது?"

"இந்தப் பெட்டி."

"சேச்சே. இது முழுக்கக் கற்பனை" என்றார் பல்செட்காரர், எழுத்தாளரின் மிடுக்கோடு.

"கல்யாணமாகி ரெண்டாவது வருஷம், எட்டு மாசப் பயிற்சிக்கு நான் வெளியூர் போனேனே. பஸ் ஸ்டாண்டுல என்ன சொன்னீங்க?"

அவர் யோசித்துப் பார்த்தார். லிஃப்ட்காரரின் செருப்பு அளவு ஞாபகம் வந்தது. இது வரவில்லை.

"மாவு இறுகிடும்னு சொன்னீங்க. பெட்டியைத் தூக்கி மேல வெச்சீங்க, டிரைவர் ஏறி உட்காரறதுக்கு முன்னாடியே கிளம்பிட்டீங்க. கை காட்டணும்னு நான் ஒருத்தர்கிட்ட கெஞ்சி ஜன்னலோர இடம் வாங்கியிருந்தேன். வாங்கிட்டோமேன்னு, கடைசியில கீழ நின்ன பழக்காரருக்குக் காட்டினேன்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? பாவம், அவரு யாருன்னே தெரியாம பதிலுக்குக் காட்டினாரு. வண்டி திரும்பற வரைக்கும் காட்டினாரு."

இந்த இடத்தில் பேசாமல் இருந்திருக்கலாம். பல்செட்காரருக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. "அன்னைக்கு நிஜமாவே மாவு இறுகிடுச்சு தெரியுமா? திரும்பிப் போறதுக்குள்ள கல்லாயிடுச்சு" என்றார்.

"அதுக்கு நான் என்ன பண்ண?" என்றார் மனைவி. நோட்டை மூடி அவரிடம் நீட்டினார். "அவ திரும்பிப் பார்த்தாளான்னு தெரியலைன்னு எழுதியிருக்கீங்களே. பார்த்தா. எழுதிக்கோங்க."

பல்செட்காரர் நோட்டை முதலிலிருந்து புரட்டிப் பார்த்தார். நாற்பது பக்கத்தில் முப்பத்தொன்பது பக்கம் அவர் சொந்தமாக எழுதியது. அதில் சர்க்கரைக் கட்டியும் செருப்பும்தான் இருந்தன. உயிருள்ள ஒரே பக்கம் திருட்டு. அதுவும் எங்கிருந்தோ அல்ல, எதிரே உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருப்பவரிடமிருந்து. முகமறியாதவர்களின் வாய்க்குள் புகுந்து சரித்திரம் சொல்கிற மகா மேதை, தன் வீட்டு ஆளை இருபத்து மூன்று வருடமாகப் பழக்காரரிடம் விட்டுவைத்திருக்கிறார்.

"இப்ப நான் எப்படிம்மா நாலு அடியில சாத்துவேன்? முன்னயாவது கதைன்னு நினைச்சுட்டிருந்தேன்."

மனைவி ஒரு சட்டையை உதறினார். "சாத்தறதைச் சாத்துங்க. அந்தப் பொண்ணு தோள் என்ன ஆகறது? சாத்தின உடனே போயிடணும்னு யார் சொன்னா?"

அவருக்கு அப்போது அது சரியாகப் புரியவில்லை. "இயக்குநர்தான் சொன்னாரு" என்று பதில் வேறு சொன்னார்.

வெள்ளிக்கிழமை நாலாவது அடியில் 'கடாங்' என்றது. இயக்குநர் விசிலை மறுபடி கழுத்தில் மாட்டிக்கொண்டார். "இதைத்தானேண்ணே இத்தனை நாளா கேட்டேன்." லிஃப்ட்காரர் பிழைத்தார், அவருடைய வரியும் பிழைத்தது. கதவு சாத்தியதும் லிஃப்டின் விளக்கு அணையும். பின்பலகையில் இருக்கும் திறப்பு வழியே குனிந்து வெளியேறி, கடைசிக் கூட்டப் பாட்டுக்குத் தொப்பி மாட்டிக்கொள்ள ஓட வேண்டும். வெள்ளிக்கிழமை அதையும் ஒழுங்காகச் செய்தார்.

சனிக்கிழமை மாலை கூடம் முக்கால்வாசி நிறைந்திருந்தது. மனைவி மூன்றாவது வரிசையில் ஓரத்து இடம் பிடித்திருந்தார். திரை ஓட்டை வழியே இதைப் பார்த்துவிட்டு வந்த பல்செட்காரர் அவசரமாகக் கையுறையை மாட்டியதில், கையில் காய்ந்திருந்த பிளாஸ்டர் அதன் மணிக்கட்டில் ஒட்டிக்கொண்டது. மருத்துவரும் வந்திருந்தார். அவருக்குப் பக்கத்தில் பல்லெல்லாம் தெரிய ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தார்; தான் செய்த பல்லை வைத்தே அது அந்த மழலையர் பள்ளி அம்மாள் என்று பல்செட்காரருக்குத் தெரிந்துவிட்டது. அவரைப் பார்த்ததில் கொஞ்சநஞ்ச தைரியமும் போனது.

இரண்டாம் பாதியில் அந்தக் காட்சி வந்தது. நாயகி பெட்டியோடு லிஃப்டுக்குள் நின்றாள். செங்கலை எடுக்கச் சொல்லி அவள் போட்ட சண்டை பலிக்கவில்லை என்பது அவள் கழுத்து நரம்பில் தெரிந்தது. பல்செட்காரர் கதவைத் திறந்து, "தரைத்தளம் வந்தாச்சு" என்று பாடினார். சோகமும் இல்லை, ஜலதோஷமும் இல்லை. வந்துவிட்டது, அவ்வளவுதான் என்பதுபோல் வந்தது. அவள் இறங்கினாள். ஒன்று, இரண்டு, மூன்று. கை கதவருகே போய் ஒரு கணம் நின்றது. நாலு. கடாங்.

கீபோர்டு தொடங்கியது. விளக்கு அவரைவிட்டு நீங்கி நாயகியோடு போனது. பின்திறப்பில் பூனை தலையை நீட்டி, "வாங்கண்ணே, தொப்பி" என்று கிசுகிசுத்தது. பல்செட்காரர் நகரவில்லை. இருட்டில், சாத்திய கதவின் கம்பிகளைப் பிடித்தபடி நின்றார். நாயகி பாடிக்கொண்டே மேடையின் மறுகோடிக்குப் போய்க்கொண்டிருந்தாள். பார்வையாளர்கள் எல்லோரின் முகமும் அவள் பின்னாலேயே திரும்பிக்கொண்டு போனது. மூன்றாவது வரிசை ஓரத்தில் ஒரு முகம் மட்டும் லிஃப்டைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"அண்ணே, உங்களுக்குப் பதிலா மணி வெச்சிடுவாரு இயக்குநர்" என்று பூனை அவர் கோட்டைப் பிடித்து இழுத்தது. லிஃப்ட் ஆடியது. பல்செட்காரர் ஒரு கையால் பலகையைப் பிடித்து அதை நிறுத்தினார். இன்னொரு கையை, மணிக்கட்டில் பிளாஸ்டர் ஒட்டியிருந்த அந்த வெள்ளைக் கையுறையை, கம்பிகளுக்கு நடுவே வெளியே நீட்டி மெல்ல ஆட்டினார். பாட்டு முடிந்து நாயகி உள்ளே போன பிறகும் ஆட்டிக்கொண்டே இருந்தார்.